பட்டாளத்துப் பையன் எந்த ஊரில் பரீட்சை எழுதுவான்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்னிபத் திட்டத்தில் ராணுவத்தில் சேரும் அக்னிவீரர்களைப் பற்றி வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். நான்கு வருடம் சம்பளமும் கொடுத்து, போகும்போது கையில் ஒரு டிகிரியும் கொடுத்து அனுப்புகிறார்கள், காசு கட்டிக் கல்லூரியில் படிக்கிறவனைவிட இவன் கொடுத்து வைத்தவன் என்பது அவருடைய கட்சி. பாதி சரி. மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். நான் ராணுவக் கல்விப் பிரிவில் வேலை பார்த்தவன். பி.ஏ., பி.எட். முடித்துவிட்டு நேரடியாக ஹவில்தாராகச் சேர்ந்தேன். மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் பயிற்சி, அப்புறம் ஊர் ஊராக யூனிட்டுகள், கடைசியில் சுபேதாராக ஓய்வு. துப்பாக்கியைவிட சாக்பீஸைத்தான் அதிகம் பிடித்தவன் என்று குடியாத்தத்தில் என் மைத்துனர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

எங்கள் வேலை என்ன என்பது வெளியே பலருக்குத் தெரியாது. ஜவான்களுக்கு மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று ராணுவத்துக்குள்ளேயே கல்விச் சான்றிதழ்கள் உண்டு. வரைபடம் படிக்கும் பாடம் தனி. இவையெல்லாம் இல்லாமல் தோளில் பட்டி ஏறாது, அதாவது பதவி உயர்வு கிடையாது. அதனால் விருப்பம் இருக்கிறவனும் இல்லாதவனும் வந்து உட்காருவான். காலேஜ் பட்டம் என்பது வேறு கதை. அதைப் படி என்று யாரும் சொல்வதில்லை, படிக்காதே என்றும் யாரும் சொல்வதில்லை. சாயங்கால விளையாட்டு, ரோல் கால், லங்கரில் சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு கேரம் போர்டு இருக்கிற அறையின் ஒரு மூலையில் நாலைந்து பேர் புத்தகத்தோடு வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் டூட்டியில் சேராது. ஆனால் என் சர்வீஸில் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

அவர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கே.வி.குப்பம் பக்கத்துப் பையன். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியியல் படைப்பிரிவு. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி முடித்து, பாலம் போடும் கம்பெனியில் இருந்தான். பத்தாம் வகுப்போடு வந்தவன். முதலில் ஊரில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதினான். அப்புறம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. காவல் டூட்டியில் இரண்டு மணி நேரம் நின்றால் நான்கு மணி நேரம் ஓய்வு. மற்றவர்கள் அந்த நான்கு மணி நேரமும் தூங்குவார்கள். இவன் முதல் ஒரு மணி நேரம் ரஜாய்ப் போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சோழர் நிர்வாகத்தைப் படிப்பான். குறிப்பு எழுத நோட்டு கிடையாது. ஸ்டோரில் வீணாகப் போகும் பழைய ரேஷன் இன்டென்ட் தாள்களை வாங்கி வைத்திருந்தான். முன்பக்கம் உருளைக்கிழங்கு, பருப்பு, மண்ணெண்ணெய்க் கணக்கு. பின்பக்கம் குடவோலை முறை. அந்தத் தாள்களைக் காலணிக் கயிற்றால் கட்டி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பான். கிட் இன்ஸ்பெக்ஷன் நாளில் கம்பெனி ஹவில்தார் மேஜர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

படிப்பு அவனுக்குச் சிரமமாக இல்லை. பரீட்சைதான் சிரமம். மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே மையம் வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி. ஆகவே தேர்வு எழுத அவன் தமிழ்நாட்டுக்கு வந்தாக வேண்டும். ஜவானுக்கு வருடத்துக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பு, முப்பது நாள் கேஷுவல். கேட்கிறவருக்கு நிறையத் தெரியும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் போக முடியாது. வருட ஆரம்பத்திலேயே யார் யார் எப்போது என்று ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். பொங்கலுக்கு ஒருவன், தங்கை கல்யாணத்துக்கு ஒருவன், அறுவடைக்கு ஒருவன் என்று எல்லாம் பேசி முடித்த பட்டியல் அது. நம் பல்கலைக்கழகமோ தேர்வுத் தேதியைக் கடைசி நேரத்தில்தான் சொல்லும். சொன்ன தேதியையும் மழை என்றும் தேர்தல் என்றும் இரண்டு வாரம் தள்ளிவைக்கும். உள்ளூரில் இருக்கிறவனுக்கு அது படிக்கக் கிடைத்த இரண்டு வாரம். இவனுக்கு ஒரு வருடம் போச்சு. லீவு முடிந்து ரயில் ஏறியிருப்பான், தேர்வு அதற்கு மறுவாரம் நடக்கும்.

லீவில் தேர்வு அமைந்த வருடங்களிலும் வீட்டுக்காரிக்கு நிம்மதி இல்லை. "அவர் வந்திருக்கார்னுதான் பேரு அக்கா, கோயிலுக்கும் வரல, எங்கம்மா வீட்டுக்கும் வரல, புத்தகத்தோடவே உட்கார்ந்திருக்கார்" என்று என் மனைவியிடம் போனில் புலம்பியிருக்கிறாள். பட்டம் கைக்கு வந்தபோது அவன் பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். நாயக்காக இருந்தவன் பதவி உயர்ந்து ஹவில்தார் ஆகிவிட்டான். மூன்று வருடப் படிப்பு என்றுதான் அதற்குப் பெயர்.

தமிழ்நாட்டுக்கு வர வேண்டாம், இந்தியா முழுக்க மையம் இருக்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) படிக்கலாமே என்று கேட்பீர்கள். படித்தார்கள். இன்னும் சொன்னால், ஜவான்களுக்கு இக்னோ செய்தது பெரிய காரியம். உதம்பூர், சண்டிமந்திர், லக்னோ, கொல்கத்தா, புனே, ஜெய்ப்பூர் என்று ராணுவக் கட்டளைத் தலைமையகங்கள் இருக்கும் ஊர்களில் ராணுவத்துக்கென்றே மண்டல மையங்களை அங்கீகரித்தது. பாடப் புத்தகங்களும் நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான். அணைக்கட்டு அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்த பையனுக்கு பொது நிர்வாகத்தை ஆங்கிலத்தில் ஏற்றுவதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிடும். ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) கையால் எழுதிக் கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும். இறுதித் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும்.

ஜூன், டிசம்பர் என்று டெல்லியில் உட்கார்ந்து முடிவு பண்ணியவர்கள் சோஜிலா கணவாயை யோசித்திருக்க மாட்டார்கள். குளிர்காலப் பனியில் அந்தப் பாதை மூடிக்கொண்டால் திராஸ், கார்கில் பக்கம் இருப்பவன் ஸ்ரீநகருக்குத் தரை வழியாக வர முடியாது. விமானத்தில் இடம் கிடைக்க வேண்டும். விமானத்தில் முதலில் நோயாளி, அப்புறம் வீட்டில் சாவு என்று சேதி வந்தவன், அப்புறம் கோர்ஸுக்குப் போகிறவன். பரீட்சை எழுதப் போகிறவனுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. சரி, ஜூனில் எழுதலாம் என்றால், பனி விலகின கையோடு வேலை எல்லாம் தலையில் விழும் காலம் அது. 1999 ஜூன் தேர்வுக்குப் பணம் கட்டி, உதம்பூர் மையத்தில் ஹால் டிக்கெட்டும் வாங்கி வைத்திருந்த ஒரு லான்ஸ் நாயக்கை எனக்குத் தெரியும். மே மாதமே அவன் யூனிட் மேலே ஏறிவிட்டது. அந்த வருடம் அங்கே என்ன நடந்தது என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் பத்திரமாகத் திரும்பி வந்து, பிற்பாடு வேறொரு தேர்வில் தேறினான். தேர்வுக்கு வராதவர் என்றுதான் அந்த ஜூனுக்கு அவன் கணக்கில் பதிவாகியிருந்தது.

இவ்வளவு கஷ்டப்படுவானேன், பதினைந்து வருட சர்வீஸ் முடித்தால் பட்டதாரிக்குச் சமம் என்று சான்றிதழ் தருகிறார்களே என்பார்கள். தருகிறார்கள். பத்தாம் வகுப்போடு பதினைந்து வருடம் பணியாற்றிய முன்னாள் படைவீரரை, பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பணிகளுக்கு மத்திய அரசு எடுத்துக்கொள்ளும். தொழில்நுட்ப அனுபவம் கேட்கும் பணிகளுக்கு அது செல்லாது. பொதுத்துறை வங்கி கிளார்க் வேலையில் முன்னாள் படைவீரருக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அங்கே இந்தச் சான்றிதழ் பலருக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வங்கியில் ஆபீசர் தேர்வுக்குப் போனால் அது செல்லாது. எம்.ஏ. சேரச் செல்லாது. பி.எட். சேரச் செல்லாது. அது வேலைக்கான சலுகை, படிப்பு அல்ல. இதை ரிட்டயர் ஆகும் நாள்வரை நம் ஆட்களில் பாதிப் பேருக்கு யாரும் சொல்வதில்லை. ஃப்ரேம் போட்டு வீட்டில் மாட்டி வைத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகை அடி, பிளஸ் டூ இல்லாமலே நேரடியாகப் பட்டம் தரும் திறந்தநிலைப் படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு விழுந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசுப் பணிக்குச் செல்லும். 2009-ல் வந்த அரசாணை அதைத் தெளிவாகவே சொல்கிறது. விதியில் எனக்குக் குறை இல்லை. சியாச்சின் அடிவாரத்தில் உட்கார்ந்து பணம் கட்டியவனுக்கு அது தெரியாது என்பதுதான் குறை. பத்தாவதோடு பட்டாளத்துக்கு வருகிற பையன்களிடம் முதல் வாரமே நான் சொல்வது, டிகிரியை மறந்துவிடு, முதலில் பிளஸ் டூ எழுது என்பதுதான். இன்றைக்கும் என் தெருவில் யாராவது ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போகிறார்கள் என்றால் அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அக்னிவீரர்களுக்கு வருகிறேன். 2022 ஜூனில் திட்டம் அறிவித்தபோதே இக்னோ வழியாக மூன்றாண்டுப் பட்டம் என்றும் அறிவித்தார்கள். பட்டத்துக்கு வேண்டிய மதிப்பலகுகளில் (கிரெடிட்) பாதி, பணியில் பெறும் பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குப் பாடம் படித்துத் தேற வேண்டும். முதல் வருடப் பாடங்களோடு நின்றால் சான்றிதழ், இரண்டு வருடத்தோடு நின்றால் டிப்ளமா, மூன்றும் முடித்தால் பட்டம். பத்தாவதோடு வருகிறவனுக்கு பிளஸ் டூ தர தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஏற்பாடு. தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பயிற்சிக்கு மதிப்பலகு தருவதும் நியாயமே. அக்னிபத்துக்கு வெகு முன்பே ஞானதீப் என்ற பெயரில் இக்னோவும் ராணுவமும் சேர்ந்து இதே யோசனையை நடத்திப் பார்த்திருக்கின்றன.

ஆனால் வாசக நண்பர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அக்னிவீரனுக்குச் சர்வீஸ் நான்கு வருடம்தான். நான்கில் ஒரு பங்குக்கு மேல் யாரையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளப் போவதில்லை. வெளியே வருகிறவனுக்கு அந்தப் பதினைந்து வருடச் சலுகை எட்டாது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வந்து நிற்பான். பழைய ஜவானுக்குப் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பென்ஷன் இருந்தது. இவனுக்குப் பென்ஷன் கிடையாது. போகும்போது மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதி பதினொன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதை வைத்து ஒரு வீட்டுக்கு மாடி எழுப்பலாம், வாழ்க்கை நடத்த முடியாது. ஆகவே அந்த மீதிப் பாதி மதிப்பலகு, அதாவது அவன் உட்கார்ந்து எழுத வேண்டிய பரீட்சை, முன்னைவிட இப்போதுதான் முக்கியம். அந்த நான்கு வருடத்தில் பயிற்சி மாதங்களைக் கழித்து, எல்லைப் பக்கத்து ஃபீல்டு போஸ்டிங்கைக் கழித்துப் பார்த்தால் எத்தனை ஜூன், எத்தனை டிசம்பர் மிஞ்சும்?

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீலகிரி வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் இருக்கிறது. அங்கே படிப்பை முடிக்கும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் தருகிறது. கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பயிற்சி முடிக்கும் கேடட்டுக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். நல்லது, தகுதியானவர்கள்தான், நானே அவர்களுக்கு சல்யூட் அடித்தவன். ஆனால் அதே வெலிங்டனில், ஸ்டாஃப் காலேஜுக்குக் கூப்பிடு தூரத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருக்கிறது. அங்கே பயிற்சி பெறும் நம் ஊர்ப் பையனுக்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் ஒரு தேர்வு மையம்கூட வைப்பதாகத் தெரியவில்லை. அது தமிழ்நாட்டு எல்லைக்குள்தானே இருக்கிறது? யுஜிசி விதி அங்கே குறுக்கே நிற்காதே?

சிறைவாசிகளுக்குத் திகார் சிறைக்குள்ளேயே 1994 முதல் இக்னோ மையம் நடக்கிறது. நம் வேலூர் மத்திய சிறையில் இருந்தபடியே படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மிக நல்ல காரியம், அதில் ஒரு நாளும் கை வைக்கக் கூடாது. வெளியே வர முடியாதவன் இருக்கும் இடத்துக்குத் தேர்வு போக வேண்டும் என்ற நியாயத்தை அங்கே ஒப்புக்கொண்டோம். யூனிட்டை விட்டு நகர முடியாத ஜவானுக்கும் அதே நியாயம்தான். பிரிகேடுக்கு ஒரு மையம் வைத்து, முத்திரை வைத்த வினாத்தாளை ராணுவத் தபாலிலேயே அனுப்பலாம். இதைவிட ரகசியமான காகிதங்களை எல்லாம் அந்தத் தபால் பத்திரமாகத்தான் கொண்டுபோகிறது. மேற்பார்வைக்குக் கல்விப் பிரிவு ஆட்கள் இருக்கிறோம். காப்பி அடிக்க விடுவோமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு நாள் எங்கள் முதல் வகுப்புச் சான்றிதழ் தேர்வை வந்து பார்க்கட்டும்.

அது முடியாதென்றால், தேர்வு நாட்களை லீவில் கழிக்காமல் டூட்டியாகக் கணக்கு வையுங்கள். ஒருவன் ஓட்டுநர் கோர்ஸுக்கோ சிக்னல் கோர்ஸுக்கோ போனால் மூவ்மென்ட் ஆர்டர், ரயில் வாரண்ட், போன இடத்தில் சாப்பாடு எல்லாம் உண்டு. அதிகாரிகளுக்கு ஸ்டடி லீவே தனியாக உண்டு. அரசாங்கமே அறிவித்த பட்டத்துக்கு அக்னிவீரன் தேர்வு எழுதப் போவது மட்டும் எப்படிச் சொந்த வேலை ஆகும்? இப்போதெல்லாம் கமாண்டிங் ஆபீசர் நல்லவராக இருந்தால் நடக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் நின்றுவிடுகிறது. எழுத்தில் ஓர் உத்தரவு இருந்தால் யாருடைய நல்ல குணத்தையும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம்.

எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே என்று சொல்வார்கள். ஆன்லைன் பட்டப்படிப்புக்கு மாநில எல்லைக் கட்டுப்பாடு கிடையாது என்பது உண்மை. நம் பல்கலைக்கழகங்கள் தமிழ் வழி பி.ஏ.வையும் பி.காமையும் அப்படி நடத்தினால் எல்லையை விட்டுத் தள்ளியிருக்கும் பீஸ் ஸ்டேஷனில் இருக்கிறவனுக்குப் பெரிய உதவி. ஆனால் ஃபீல்டில் போனுக்கு ஆயிரம் கட்டுப்பாடு. 2020-ல் எண்பத்தொன்பது செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது, காரணம் இல்லாமல் இல்லை. கேமராவை வைத்துக் கண்காணிக்கும் தேர்வை பங்கரில் உட்கார்ந்து எழுத முடியாது. விண்ணப்பத்திலும் ஒரு தொல்லை இருக்கிறது. ராணுவ முகவரியில் ஊர்ப் பெயர் கிடையாது, 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்றுதான் இருக்கும், பின்கோடு ஒன்பதில் ஆரம்பிக்கும். என் அக்கா பேரன் இப்போது அக்னிவீரனாக இருக்கிறான். அவன் ஒரு படிப்புக்கு விண்ணப்பித்தபோது அந்த இணையதளம் மாவட்டத்தைத் தேர்ந்தெடு, மாநிலத்தைத் தேர்ந்தெடு என்று நின்றுகொண்டது. கடைசியில் வீட்டு முகவரியைப் போட்டான். புத்தகம் எல்லாம் குடியாத்தத்துக்கு வந்து எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அக்னிவீரர்கள் வாங்கிவரும் இந்தப் பட்டத்தையும், அதற்கு முன் வாங்கும் பிளஸ் டூவையும் அரசுப் பணிக்கு எப்படி எடுத்துக்கொள்வோம் என்பதை முதல் தொகுதி ஊர் திரும்புவதற்குள் ஒவ்வொரு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் போய் நின்ற பிறகு தெரியக் கூடாது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்களில் இதற்கென்று ஒரு கூட்டமே போடலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் நீட், ஜேஇஇ தேதிகளைக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதன் ஓரத்தில் இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மற்ற தொலைநிலைப் படிப்புகள் இவற்றின் சேர்க்கை, ஒப்படைப்பு, தேர்வுக் கட்டணத்துக்கான கடைசித் தேதிகளையும் மாதம் ஒருமுறை போட்டால் போதும். எங்கள் வீட்டுப் பெண்கள் அதைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். பையன்களுக்கு எப்போது சிக்னல் கிடைக்கிறதோ அப்போது பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார், ராணுவக் கல்விப் பிரிவு,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.